ஜூஸ் கொம்பனி முதலாளி

வாசல் மணி அடித்தபோது நான் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் உளுந்து மா. யாராவது போய்த் திறப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் எழும்பவில்லை.

ஒக்லண்டில், மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் அன்று பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. கிளென்ஃபீல்டிலிருந்து அம்பலவாணர் அண்ணையும் மனைவி மனோன்மணி அக்காவும் வந்திருந்தார்கள். அவர்களுடைய மகனுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்த என் கணவரின் தங்கை கமலாவைப் பேசியிருந்தோம். படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பொருத்தமும் சரி. அம்பலவாணர் அண்ணை வாயால் ஒரு ‘ஓம்’ சொல்லவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நானே போய்த் திறந்தேன். மர்செலும் அவர் மனைவி ஜனெட்டும் நின்றார்கள். மர்செல்தான் என் கணவரின் முதலாளி. எப்போதும் ஈரமான ரப்பர் சப்பாத்தும் பழைய சுவெட்டருமாக நிற்கும் மனிதர், அன்று கோட்டுப் போட்டு டையும் கட்டியிருந்தார். கக்கத்தில் பேப்பரில் சுற்றிய ஒரு போத்தல். அது என்ன போத்தல் என்று எனக்குத் தெரியும்.

என் கணவர் எழும்பி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. மர்செல் சிரித்தபடி உள்ளே வந்து போத்தலை நீட்டப்போன அதே நேரத்தில், இவர் அம்பலவாணர் அண்ணையின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“அண்ணை, இவர்தான் எங்கட முதலாளி. ஜூஸ் கொம்பனி வச்சிருக்கிறார்.”

நீட்டிய கை பாதியில் நின்றது. மர்செல் போத்தலைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கைகொடுத்தார், உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், வடை நல்லாயிருக்கிறது என்றார். ஜனெட் என்னிடம் வடையில் ஏன் ஓட்டை என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் விடைபெற்றுக்கொண்டு போனார்கள். போத்தலும் அவர்களோடு போய்விட்டது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரை வாசிக்கிற ஒரு சகோதரி போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். “அக்கா, ஒக்லண்டுக் குளிர், முருங்கைக்காய்க்கு அலைஞ்சது எல்லாம் எழுதுறீங்கள். உங்கட மனுசன் அங்க என்ன வேலை செய்தவர் எண்டு ஒரு இடத்திலயும் காணேல்லையே” என்று கேட்டார்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. வருடக்கணக்காய்ப் பழகிய பழக்கம். அந்த இடம் வந்தால் பேனா தானாக வளைந்து போய்விடுகிறது. இவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்பலவாணர் அண்ணையும் இல்லை. இனி யாருக்குப் பயம்?

என் கணவர் தில்லைநாதன் பிராண்டி காய்ச்சினார். பிரான்ஸ் முறையில், செம்புப் பானையில் காய்ச்சினார். நன்றாகவும் காய்ச்சினார்.

ஊரில் அவர் சிமெந்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் விசா கிடைத்து நியூசிலாந்து வந்தோம். இங்கே சிமெந்துக்காரர்கள் இவரைக் கண்டுகொள்ளவில்லை. நகரத்துக்கு மேற்கே ஹென்டர்சன் பக்கம் அப்போதெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். எல்லாம் குடும்பங்கள் நடத்துகிற வைன் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு பிரெஞ்சுக் குடும்பம். புருசனும் பெண்சாதியும் மட்டும். ஒரே மகன் சிட்னியில் கார் விற்றுக்கொண்டிருந்தான், திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

ஆய்வுகூடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று மர்செல் விளம்பரம் போட்டிருந்தார். இவர் போனார். சில மாதத்தில் ஜனெட்டுக்கு உதவியாக லேபல் ஒட்டவும், போத்தல் வாயில் உருகிய சிவப்பு மெழுகு ஊற்றவும் நானும் போனேன். என் விரல் நுனிகள் எப்போதும் சிவப்பாய் இருக்கும். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் மருதாணி என்று நினைப்பார்கள், நானும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

தலை, நெஞ்சு, வால்

பிராண்டி என்றால் ஏதோ இனிப்புத் திராட்சையில் செய்வதென்று நான் எண்ணியிருந்தேன். இல்லை. பழம் முற்றமுன்பே, புளிப்பு இறங்கமுன்பே பறிப்பார்கள். அதில் வருகிற வைன் வாயில் வைக்கவே வழங்காதாம், பல் கூசுமாம். காய்ச்சுவதற்கு அதுதான் நல்லது என்பார் மர்செல்.

குளிர்காலம் தொடங்கினதும் காய்ச்சுகிற வேலை தொடங்கும். செங்கல் அடுப்பின்மேல் பெரிய செம்புப் பானை. அதன் தலையில் வெங்காயம் கவிழ்த்தது போல ஒரு மூடி. அதிலிருந்து ஒரு குழாய் வளைந்து போய்க் குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும். முதல் தரம் காய்ச்சும்போது வருவது கலங்கலான, பலம் குறைந்த சாமான். அதை எடுத்துத் திரும்பவும் பானையில் ஊற்றி இரண்டாம் தரம் காய்ச்சுவார்கள். வித்தை முழுவதும் அந்த இரண்டாம் தரத்தில்தான்.

முதலில் சொட்டுகிறதற்குத் தலை என்று பெயர். நகப்பூச்சு வாசம் அடிக்கும், அதை விலக்கவேண்டும். பிறகு வருவது நெஞ்சு. அதுதான் பிராண்டி. கடைசியில் வருவது வால். நனைந்த சாக்கு மாதிரி மணக்கும், அடுத்த காய்ச்சலில் கலப்பார்கள். எந்த இடத்தில் தலை முடிந்து நெஞ்சு தொடங்குகிறது, எந்த இடத்தில் நெஞ்சு முடிந்து வால் தொடங்குகிறது, அந்த இடத்தில் வெட்டவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அந்தப் பீப்பாய் முழுவதும் அதைச் சுமந்துகொண்டிருக்கும்.

காய்ச்சினதும் அது நிறமில்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் எல்லாம் ஓக் மரப் பீப்பாய் கொடுப்பது. வருடக்கணக்காய் உள்ளே கிடக்கும். வருடா வருடம் கொஞ்சம் காற்றோடு போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். அவர்களுடைய தேவதைகளுக்கு விரதம் ஒன்றும் கிடையாது போலிருக்கிறது என்று நான் சொல்ல, ஜனெட் விழுந்து விழுந்து சிரித்தாள். மிகப் பழைய பீப்பாய்கள் இருக்கிற மூலை அறைக்குச் சொர்க்கம் என்று பெயர். அதன் சாவி மர்செலின் இடுப்பில் இருக்கும்.

மர்செலின் சொந்த ஊர் பிரான்சில் பிராண்டிக்குப் பேர்போன இடம். அந்த ஊரில் காய்ச்சினால்தான் ஊர்ப் பெயரான கொன்யாக் என்று போடலாம், அது சட்டம். அண்ணனோடு பிரச்சினைப்பட்டுச் செம்புப் பானையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மர்செல். அதே பானை, அதே கை, ஆனால் அந்தப் பெயரைப் போடமுடியாது. லேபலில் பிராண்டி என்று மட்டும் இருக்கும். ஒவ்வொரு லேபலையும் வெளிச்சத்தில் பிடித்து நேராய் ஒட்டியிருக்கிறேனா என்று பார்ப்பார். இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாய் வரும்.

வாயில் வைக்காத மனிதர்

என் கணவர் அந்தப் பிராண்டியை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. மச்சம் மாமிசமும் இல்லை. அவர் வீட்டில் சாமிக்குப் படைக்கிற சமையலை ருசி பார்க்கக்கூடாது என்பதில் கண்டிப்பு. உப்புப் போதுமா என்று மணத்திலேயே பிடிப்பார்கள். இவரும் அப்படித்தான். நான் குழம்பைக் கூட்டும்போது முன்னறையில் இருந்தபடியே “புளி தூக்கலாக் கிடக்கு” என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் புளி தூக்கலாய்த்தான் இருக்கும்.

முதல் குளிர்காலம் முழுக்க இவர் பலம் அளக்கிற கண்ணாடிக் குழாயோடு நின்றார். மர்செல் அதைப் பார்ப்பார், பிறகு உள்ளங்கையில் சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். இவரும் சும்மா ஒருநாள் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, “இப்ப” என்றாராம். மர்செல் திரும்பிப் பார்த்தாராம். அவரும் அந்தக் கணத்தில்தான் சொல்ல வாயெடுத்திருக்கிறார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு காய்ச்சலை முழுவதுமாய் இவரிடம் விட்டார். வெட்டுகிற நேரத்தில் மர்செல் வெளியே போய் நின்றுகொண்டார் என்று ஜனெட் சொன்னாள். அந்தப் பீப்பாயின் முகத்தில் மர்செல் சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதினார். குடிக்காத ஆளுக்குத்தான் மூக்கு கெடாது, இவனைக் கடவுள் எனக்காகவே அனுப்பினார் என்று ஜனெட்டிடம் சொல்வாராம்.

இவரும் மாறித்தான் போனார். சிமெந்துத் தொழிற்சாலையில் வேலை முடிய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இங்கே வீட்டுக்கு வந்தும் உள்ளங்கையை மோந்துகொண்டிருப்பார். “இஞ்சாருங்கோ, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ” என்று நான் கத்தவேண்டியிருக்கும்.

குடிக்கிற வீடு

அப்படியென்றால் ஏன் ஜூஸ் கொம்பனி என்று சொன்னார்?

ஒக்லண்டில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் சாமிப்படம் வைத்துத் தேவாரம் பாடுவோம். அதை ஒழுங்கு செய்தவர் அம்பலவாணர் அண்ணை. விபூதி நெற்றியோடு அவர் வந்து உட்கார்ந்தால் மலேசியாத் தமிழர், இந்தியத் தமிழர் எல்லோருமே சத்தம் குறைப்பார்கள். வேலை கிடைத்த புதிதில் அவர் “எங்க தம்பி வேலை?” என்று கேட்க, சாராயம் காய்ச்சுகிற இடத்தில் என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை. “திராட்சை பிழியிற இடம் அண்ணை, ஜூஸ்” என்றார். திராட்சை பிழிவதென்னவோ உண்மைதான்.

சின்னப் பொய். அது அப்படியே கிடந்திருக்கும். ஆனால் ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கமலா தனியாகத் தாயோடு இருந்தாள். அவளை எப்படியாவது வெளியே எடுக்கவேண்டும் என்று இவர் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்பலவாணர் அண்ணையின் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குச் சில கிழமைக்கு முன்புதான் வேறொரு சம்பந்தத்தைப் பற்றி அவர், “குடிக்கிற வீட்டில நான் கை நனைக்கமாட்டன்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

குடிக்கிற வீட்டுக்கே அப்படியென்றால் காய்ச்சுகிற வீட்டுக்கு என்ன சொல்வார்? பொய்யை இறுகப் பிடித்துக்கொண்டோம். இன்றைக்கும் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மர்செல் போனபிறகு அம்பலவாணர் அண்ணை ‘ஓம்’ சொன்னார். அந்த ஒரு சொல்லில் கமலா உயிரோடு வந்து சேர்ந்தாள்.

ஜனெட் சொன்னது

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது ஒன்றும் மாறினதாகத் தெரியவில்லை. மர்செல் வழமைபோல் காலை வணக்கம் சொன்னார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வெட்டுகிற நேரம் வந்தபோது இவரைக் கூப்பிடவில்லை. போத்தல் அடைக்கிற பக்கம் போய் நில் என்றார். அடுத்த காய்ச்சலுக்கும் கூப்பிடவில்லை. இவர் கேட்கவுமில்லை. கேட்டால் அன்று வீட்டில் நடந்ததைப் பற்றிக் கதைக்கவேண்டி வருமே.

ஒருநாள் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது நான்தான் ஜனெட்டிடம் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அன்றைக்கு நாங்கள் எதற்கு வந்தோம் தெரியுமா?” என்றாள். “பானையை உன் புருசனிடம் கொடுக்க. பங்காளியாய்ச் சேர்ந்துகொள், எனக்குப் பிறகு நீயே நடத்து என்று கேட்க. அதற்குத்தான் டை கட்டினார். சொர்க்கத்திலிருந்து போத்தல் எடுத்துவந்தார்.”

“என் புருசன் தமிழில் அல்லவா சொன்னார்? உங்களுக்கு எப்படி விளங்கியது?” என்று கேட்டேன்.

“அந்த நீளமான வசனத்தில் எங்களுக்கு விளங்கினது ஒரு சொல்தான். ஜூஸ்” என்றாள் ஜனெட். “ஊர்ப் பெயரைத்தான் சட்டம் எடுத்துவிட்டது, பிராண்டி என்ற பெயராவது இருக்கிறது என்று வாழ்கிற மனிதர் அவர். தன் ஆட்களுக்கு முன்னால் பெயர் சொல்ல வெட்கப்படுகிறவன், அதை முப்பது வருடம் எப்படிக் காப்பான் என்று கேட்கிறார்.”

கமலாவைப் பற்றி, கலவரத்தைப் பற்றி எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள், மர்செலிடமும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினாராம், அவ்வளவுதான். அரசாங்கமே காசு கொடுத்துத் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கச் சொன்ன காலம் அது. அடுத்த வருடம் அவர் கொடிகளைப் பிடுங்கினார். நிலம் வீடு கட்டுகிறவர்களுக்குப் போனது. செம்புப் பானையை மனுகாவில் உணவகம் வைத்திருந்த ஒருவர் அழகுக்கு வாங்கி வாசலில் வைத்துப் பூச்செடி நட்டார். இவருக்குப் பெயின்ட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த மூக்கு அங்கே போய்க் கெட்டது. அதற்குப் பிறகு என் குழம்பில் ஒருநாளும் பிழை சொன்னதில்லை. சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

அலுமாரியில் ஒரு போத்தல்

பானை போகிறதற்குக் கொஞ்சம் முன்பு, கமலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனோன்மணி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சரஸ், பிள்ளைப்பெத்தவளுக்குப் பத்தியச் சரக்கு எல்லாம் இடிச்சு வச்சிட்டன். பிராண்டி ஒண்டுதான் இல்லை. நல்லதா எங்கயும் எடுக்கலாமே?”

எனக்குக் காது சரியாய்த்தான் கேட்கிறதா என்று சந்தேகமாய் இருந்தது. “பிராண்டியோ அக்கா?”

“ஓம். ஒரு கரண்டி சுடுதண்ணியில விட்டுக் குடுத்தால் உடம்பு இறுகுமெல்லே. நான் மூண்டு பிள்ளையளுக்கும் குடிச்சனான். ஊரில எங்கட அலுமாரியில எப்பவும் ஒரு போத்தில் கிடக்கும். இவருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் அதுதான்.”

“அண்ணை குடி கூடாது எண்டு சொல்லுறவரெல்லே.”

“இதென்ன கதை? சாராயம் வேற, பிராண்டி வேற. பிராண்டி மருந்தெல்லோ” என்றார் அக்கா.

என் அம்மா வீட்டு அலுமாரியிலும், ஓமத்திரவத்துக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல் இருந்ததே. நான் பார்த்துப் பார்த்து வளர்ந்ததே. என் மூத்தவன் பிறந்தபோது எனக்கே தந்தார்களே. அந்தப் போத்தலும் பிராண்டிதான் என்பது ஒருநாளும் எங்கள் மூளைக்கு எட்டவில்லை. ஆயிரம் போத்தலில் அந்தப் பெயரை ஒட்டிய கை இது.

இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஹென்டர்சனுக்குப் போனார். மர்செல் எதற்கு என்று கேட்டாராம். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மருந்துக்கு என்றாராம். மர்செல் உள்ளே போய், சுண்ணக்கட்டி எழுத்திருந்த அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தார். இவர் தனியே காய்ச்சின பீப்பாய். காசு வாங்கவில்லை. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தில் தன் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

நாங்கள் இருவருமாய்க் கிளென்ஃபீல்டுக்குப் போனோம். அம்பலவாணர் அண்ணை போத்தலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “தம்பி, இதில ஜூஸ் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு.”

இவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சொன்னார். “அது பிராண்டிதான் அண்ணை. ஜூஸ் கொம்பனி எண்டு ஒண்டு இல்லை. நான் வேலை செய்யிறது பிராண்டி காய்ச்சுற இடத்தில. இது நான் காய்ச்சினது.”

அண்ணை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒருதரம் இவரைப் பார்த்தார், திரும்பவும் மோந்தார். கோபம் ஒன்றும் இல்லை. “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். “இஞ்ச உள்ள பிள்ளைப்பெத்த வீட்டுக்காரர் எல்லாரையும் உம்மட்டைத்தானே அனுப்பியிருப்பன்.”

மனோன்மணி அக்கா கரண்டியோடு வந்து போத்தலை வாங்கிக்கொண்டு கமலாவின் அறைக்குப் போனார்.

அந்தக் காகிதத்தில் மர்செல் எழுதினது குத்தலா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குத்தவேண்டுமென்றால் கண்ட பீப்பாயிலும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். மன்னித்திருந்தால் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். போய்க் கேட்போம் என்றேன். இவர் மாட்டேன் என்றார். அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போய்விட்டார்கள்.

போத்தல் கொடுத்த அன்று கிளென்ஃபீல்டிலிருந்து திரும்பி வரும்போது துறைமுகப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கமாய் நின்றன. கீழே தண்ணீர் வெயிலில் பளபளத்தது. இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஆறுதலாய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது.

“நீங்கள் அண்டைக்குத் தமிழில பழரசம் எண்டு சொல்லியிருந்தால், மர்செலுக்கு விளங்கியிருக்காது” என்றேன்.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. இவர் கியரை மாற்றினார்.

“பிராண்டி எண்டே சொல்லியிருக்கலாம் சரஸ்” என்றார். “தமிழிலயும் அது பிராண்டிதானே.”